போர் வேண்டாம் என்பவள் போர்ப்படத்துக்குக் கைதட்டலாமா?

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை ஏழு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி அனுப்பியிருக்கிறார். ஊரில் யாருக்கும் ஆள் பிடிபடாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். படத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

அவருக்கு வயது 44. தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று பிள்ளைகளைக் காகிதக் கொக்கு மடிக்க வைப்பவர். "இந்த வருஷத்துக் கொக்குகள் இன்னும் என் வகுப்பு ஜன்னலில் தொங்குகின்றன" என்று எழுதியிருக்கிறார். சுதந்திர தினத்தை ஒட்டி வந்த ஒரு போர்ப்படத்துக்குக் குடும்பத்தோடு சேலம் இறங்கிப் போயிருக்கிறார். கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன், உடன் வசிக்கும் சித்தப்பா. சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர்.

முதலில் வரமாட்டேன் என்று சொன்னவர், "ஒருநாள் எங்களோட வாயேன்" என்று கணவர் முகம் வாடியதால் கிளம்பியிருக்கிறார். இடைவேளைக்குப் பிறகு, கதாநாயகனின் படைப்பிரிவு எதிரியின் பதுங்குகுழியைத் தகர்க்கும் காட்சியில் தியேட்டரே எழுந்து கத்தியது. இவரும் எழுந்தார், கைதட்டினார், கண்ணில் தண்ணீர் வந்தது. மகன் அதைச் செல்போனில் எடுத்து, "அம்மா கட்சி மாறிட்டாங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். திரும்பும் வழியில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கணவரோடு சண்டை. அன்றிலிருந்து ஒன்பது நாளாகச் சரியான தூக்கமில்லை. அந்தக் காட்சியில் இரண்டு விநாடி மட்டும் வந்துபோன எதிரிப் பையனின் முகம் கண்ணை மூடினால் வருகிறதாம்.

அவர் கேட்பவை: நான் வேஷக்காரியா? என் டிக்கெட் காசும் போருக்குப் போய்ச் சேர்ந்ததா? அடுத்த மாதம் பள்ளியில் எட்டாம் வகுப்பை இதே படத்துக்கு அழைத்துப் போகிறார்கள், பொறுப்பாசிரியை நான்தான், மறுக்கலாமா? படத்தில் தேசிய கீதம் வந்தபோது நான் எழவில்லை, பின்சீட்டுக்காரர் சீட்டை உதைத்தார், வழக்கு வருமா? இந்தப் படத்தால் மகன் ராணுவத்தில் சேரத் துடிக்கிறான், எப்படித் தடுப்பது?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கைதட்டிய அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில், அடைப்புக்குறி போட்டு, ஒரு வரி இருக்கிறது: "சித்தப்பா இடைவேளைக்குப் பிறகு உள்ளே வரவில்லை, கார் பார்க்கிங்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார், கேட்டதற்கு சவுண்டு ஜாஸ்தி என்றார்." அதன் பிறகு அவர் கடிதத்தில் வரவே இல்லை. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கை.

நீங்கள் ஏற்காட்டுக்காரர். 20 கொண்டை ஊசி வளைவையும் ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருப்பீர்கள். பஸ் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. பக்கத்தில் இருப்பவர் மேல் போய் விழுகிறோம், "மன்னிச்சுக்கங்க" என்கிறோம். சாய வேண்டும் என்று யாரும் முடிவெடுத்துச் சாய்வதில்லை. வேகமும் திருப்பமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. தியேட்டரில் உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் அதுதான்.

நீங்களே விவரித்திருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் மகளோடு வீடியோ காலில் பேசுகிறான், லைன் அறுந்துபோகிறது. அடுத்து அவனுடைய நண்பன் அவன் மடியிலேயே சாகிறான். பிறகு சில விநாடி சத்தமே இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் வெடி. அந்த மௌனத்தை எடிட்டர் அளந்து வைத்திருக்கிறார். தியேட்டரில் 5.1 என்கிறார்களே, அதில் அந்த ".1" முழுக்க அடித்தொண்டைச் சத்தத்துக்கான தனி வழி. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அதிர்வு காதுக்குக் கேட்பதோடு நெஞ்சுக்கூட்டிலும் தெரியும். இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். உங்கள் தோளில் இருப்பது கல் இல்லையே, டீச்சர். எழுந்துவிட்டீர்கள்.

மனநலத் துறையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் இதைப் பற்றி நிறைய வேலை செய்தார். ஓர் உணர்ச்சியால் உடம்பில் ஏறிய கொதிப்பு, அந்தக் காரணம் போன பிறகும் கொஞ்ச நேரம் அடங்காமல் நிற்கும். அடுத்து எந்த உணர்ச்சி வந்தாலும் அதன் தலையில் ஏறிக்கொள்ளும். நண்பனின் சாவுக்குத் திரண்ட துக்கம் வெடிச்சத்தத்தில் கைதட்டலாக வெளியே வந்தது. மிச்சம் மூன்றாவது வளைவில் உங்கள் கணவர் தலையில் இறங்கியது. "உங்களுக்கெல்லாம் ரத்தம் பார்த்தாத்தான் சந்தோஷம்" என்று அவரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையில் பாதி படத்துடையது. மீதிப் பாதிக்கு நீங்கள் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கலாம்.

ஆக, வேஷக்காரி என்ற பட்டத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் "உடம்புதானே, விட்டுத்தள்ளுங்கள்" என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. கடிதம் முழுக்க உங்களுக்கு ஒரு எண்ணம் ஓடுகிறது: போரை ரசிப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள், கல் நெஞ்சுக்காரர்கள், நான் வேறு ஜாதி. அந்தச் சுவர்தான் அன்றைக்கு இடிந்தது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கைதட்டலைவிட இந்த இடிபாடுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வெறி உங்களுக்குள்ளும் இருக்கிறது, எனக்குள்ளும் இருக்கிறது. (நான் காலேஜில் படிக்கும்போது ஒரு படத்துக்கு விசிலே அடித்திருக்கிறேன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.) அடுத்த ஆகஸ்டில் கொக்கு மடிக்கும் பிள்ளைகளிடம் "போரை விரும்புகிறவர்கள் கெட்டவர்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "எனக்கே ஒருநாள் உடம்பு சிலிர்த்தது, ஏன் தெரியுமா" என்று ஆரம்பித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அந்த இரண்டு விநாடி முகம் இருக்கிறதே, அதைப் படம் உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை. அவசரமாகக் காட்டி மறைத்தது. நீங்கள் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கை தட்டியபோதும் கண் தன் வேலையைச் செய்திருக்கிறது. தூக்கம் இரண்டு, மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்கு மேலும் நீடித்தால் நேரில் வாருங்கள். அதுவரை இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் படத்தின் கிளிப்புகளைத் தேடிப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாரும் செய்வதுதான்.

டிக்கெட் காசு

தயாரிப்பாளர் டிக்கெட்டைத்தான் எண்ணுவார், உங்கள் கொள்கையை எண்ணமாட்டார். அந்த அளவில் உங்கள் காசு அந்த மாதிரி இன்னொரு படம் வர ஒரு துளி உதவும். வேண்டாமென்றால் அடுத்த முறை போகாதீர்கள், அது முழுக்க நியாயமான முடிவு. ஆனால் "போரின் காசு என் கையில் படாமல் வாழ்ந்துவிட்டேன், அன்றைக்குத்தான் பட்டது" என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், "எனக்கு பி.எட். பீஸ் கட்டியவர் சித்தப்பாதான்" என்றும் இருக்கிறது. அது ராணுவச் சம்பளம், டீச்சர். குத்திக்காட்டச் சொல்லவில்லை. யாருடைய கையும் அவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்குப் போகும் வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. இன்று அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, செல்ஃபி எடுக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சா பிலிம் அரசின் பிடியில் இருந்தது. போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்களை ஆங்கில அரசு நெருக்கியது. அப்படி அங்கிருந்து 1945இல் வந்ததுதான் 'பர்மா ராணி'. ஜப்பானியர் பிடித்த பர்மாவில் நடக்கும் கதை. நம் தாத்தா பாட்டிகள் அதற்கும் கைதட்டியிருப்பார்கள், யாருடைய போர் அது என்று கேட்காமலே. இன்றைக்கும் ராணுவத்தைக் கதையாக வைத்தால் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று 2020 ஜூலையில் அந்த அமைச்சகமே தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. அந்தச் சிலிர்ப்பில் அரசுகளுக்கு அக்கறை உண்டு. இதைச் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்குமென்று அல்ல, எட்டாம் வகுப்புக்குப் பாடமாக இருக்குமென்று.

பள்ளிப் பயணம்

படத்துக்கு யு/ஏ 16+ சான்று என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு தவறான புரிதல் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே யாரையும் தியேட்டர் உள்ளே விடாது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த எண்கள் பெற்றோருக்கான எச்சரிக்கை. அழைத்துப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோர். 18க்குக் கீழே அனுமதியே இல்லாதது 'ஏ' சான்றுக்கு மட்டும்தான்.

ஆனால் இதிலேயே உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 13 வயது. முடிவு பெற்றோருடையது என்றால், பள்ளி அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் முறை. தலைமையாசிரியரிடம் "இது போரை ஆதரிக்கும் படம்" என்று போகாதீர்கள். அரை மணி நேரத்தில் அது நீங்கள் தேசபக்தரா இல்லையா என்ற விவாதமாகிவிடும். "சார், 16+ சான்று, பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கூட்டிப் போனால் நாளைக்குப் பிரச்சினை வரும், வராத பிள்ளைகளுக்கு அன்று பள்ளியில் வேறு ஏற்பாடு வேண்டும்" என்று போங்கள். கேட்பார்.

நீங்கள் பொறுப்பிலிருந்து விலகலாமா? கேட்கலாம், வாய்விட்டு, மரியாதையாக. மறுத்தால் என்ன விளைவு என்பது உங்கள் நியமன ஆணையையும் நிர்வாகத்தின் சுபாவத்தையும் பொறுத்தது. தனியார் பள்ளியில் அந்த அபாயத்தை நான் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எதுவும் எழுத வேண்டாம். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், நீங்கள் கூடப் போவதுதான் நல்லது. நீங்கள் போகாவிட்டால் வேறு யாரோ போவார்கள், திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் கோஷம் போட்டுக்கொண்டே ஏறுவார்கள், அதோடு முடிந்துவிடும். போனால் மறுநாள் உங்களுக்கு ஒரு பீரியட் கேட்டு வாங்கலாம். அந்தப் பீரியடில் எதையும் போதிக்காதீர்கள். "எந்த இடத்தில் சத்தம் நின்றது? அப்போது உனக்கு எப்படி இருந்தது? எதிரிப் பக்கத்தில் யாருக்காவது பெயர் இருந்ததா?" இந்த மூன்று கேள்வி போதும்.

யாராவது உங்களைத் தேசவிரோதி என்றால், நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவு சர்வதேச அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது என்று சொல்லுங்கள். இதே சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1940இல் காந்தியோடு முரண்பட்டு, நிபந்தனையோடு இரண்டாம் உலகப் போருக்கு ஒத்துழைக்கலாம் என்றவர். அவரேதான் 1962இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி கென்னடியைப் பார்க்க வாஷிங்டன் போனார். "அப்போ ராணுவமே வேண்டாமா?" என்று உங்கள் கணவர் கேட்டதற்கு நீங்கள் வாயடைத்துப் போனீர்களாம். வேண்டும், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி அது.

தேசிய கீதம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடமும் சரிபார்த்துக்கொண்டேன். தியேட்டர்களில் படத்துக்கு முன் கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2016 நவம்பர் 30இல் உத்தரவிட்டது. 2018 ஜனவரி 9இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. இன்றும் தியேட்டர் தனியாக ஒலிபரப்பினால் எழுந்து நிற்பதுதான் முறை. ஆனால் உங்கள் விஷயத்தில் கீதம் வந்தது கதைக்குள்ளே, அடக்கம் செய்யும் காட்சியில். படத்தின் பகுதியாக வரும்போது எழ வேண்டியதில்லை என்று 2017 பிப்ரவரியிலேயே அதே நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரை, பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்பவரை. கால் நடுங்கி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவரை அல்ல. வழக்கு வராது, நிம்மதியாக இருங்கள். சீட்டை உதைத்தவருக்குத்தான் அது தப்பு. அடுத்த முறை அவரோடு வாதாடாமல் தியேட்டர் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

மகன்

"இந்தப் படம்தான் என் பிள்ளையைக் கெடுத்தது" என்கிறீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில், மார்ச் மாதத்திலிருந்தே காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏரியைச் சுற்றி ஓடுகிறான், டைம் எழுதி வைக்கிறான் என்று பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். படம் வந்தது ஆகஸ்டில். அவன் ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் உடற்பயிற்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். அவன் வேறு கணக்கில் ஓடியிருக்கிறான்.

சில தகவல்கள். அக்னிவீர் சேர்க்கை 17½ வயதிலிருந்து தொடங்குகிறது. நான்கு ஆண்டுப் பணி. அதன் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு, திட்டம் அறிவித்தபோது சொன்ன கணக்கில் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, வெளியே வருவார்கள், ஓய்வூதியம் கிடையாது. தேசிய பாதுகாப்பு அகாடமி வழி அதிகாரியாகப் போவதென்றால் பாதை வேறு, யூ.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். 18 முடியாதவன் சேர உங்கள் கையெழுத்து வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவனுக்கு 18 ஆக இன்னும் சில மாதம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில மாதத்துக்காகக் கையெழுத்தை ஆயுதமாக்கினால், 18 முடிந்த மறுநாள் உங்களிடம் சொல்லாமலே போவான். அவனிடம் கேளுங்கள்: நான்கு வருஷம் கழித்து வெளியே வந்தால் என்ன செய்வாய்? டிகிரி என்னாகும்? என்ன வேலை, எந்தப் பிரிவு? அவனிடம் பதில் இருந்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள், இல்லாவிட்டால் அவன் யோசிப்பான். கொள்கை பேச வேண்டாம். கொக்கு மடித்து வளர்ந்த பிள்ளை, உங்கள் கொள்கை அவனுக்கு மனப்பாடம்.

அந்த வீடியோவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் "அம்மா கட்சி மாறிட்டாங்க" என்ற வரியை நான் கேலி என்று மட்டும் படிக்கவில்லை. அம்மா தன் பக்கம் வந்துவிட்டாள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

சித்தப்பா

இப்போது அந்த ஓர வரிக்கு வருகிறேன். உங்கள் மகனுக்கு ராணுவம் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரோ கதவைச் சாத்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

அமைதிப்படை 1987 ஜூலை கடைசியில் இலங்கைக்குப் போய், 1990 மார்ச்சில் திரும்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அந்த மண்ணில் மாண்ட ஈழத்து மக்களின் கணக்கு தனி. தமிழ் பேசும் ஒரு சிப்பாய், தமிழ் பேசும் ஊரில், துப்பாக்கியோடு நின்ற காலம் அது. திரும்பி வந்தபோது இங்கே அவர்களுக்கு மாலை போடவும் ஆள் குறைவு. 38 வருஷமாக அவர் அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை என்கிறீர்கள். நீங்களும் கேட்கவில்லை, போரை வெறுப்பவள் என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் கேட்கத் துடிக்கும் கதையும், நீங்கள் கேட்க மறுத்த கதையும் ஒன்றுதான்.

நான் அவசரப்பட்டு நோயின் பெயர் சொல்ல மாட்டேன். 64 வயதுக்காரருக்கு உண்மையிலேயே சத்தம் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், பாத்ரூம் தூரமாக இருந்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் கவனியுங்கள்: தீபாவளிக்கு வெடி தொடங்கினால் எங்கே போகிறார்? ராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாரா? பின்னாலிருந்து தொட்டால் துள்ளுகிறாரா? சித்தி இறந்த பிறகு குடி கூடியிருக்கிறதா? போர்க்களத்தில் பட்ட அதிர்ச்சி பல வருஷம் அடங்கிக் கிடந்து, வேலையும் துணையும் போன பிறகு மேலே வருவது உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு, அந்த வயதிலும் பலன் தரும். முன்னாள் படைவீரர் என்பதால் ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் அவருக்கு இருக்கக்கூடும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே வரத் தயங்கினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழில், எந்த நேரமும். முதலில் நீங்களே கூப்பிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கலாம்.

ஆரம்பிக்கும்போது "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டுவிடாதீர்கள். பேட்டி எடுப்பது மாதிரி ஆகிவிடும், எழுந்து போய்விடுவார். மகனையும் கூட வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், பையன் முன்னால் அவர் ஹவில்தாராகத்தான் பேசுவார். பையன் ஏரியைச் சுற்றி ஓடி முடிக்கும் வரை சித்தப்பா படகுத்துறைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சுற்று முடிய அவனுக்கு எப்படியும் இருபது நிமிடத்துக்குக் குறையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு எனக்கும் சவுண்டு ஒத்துக்கல சித்தப்பா, இன்னும் தூக்கம் வர்றதில்ல" என்று உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் டீயைக் குடியுங்கள். அவர் பேசவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் போங்கள்.